மாஸ்டரை எண்ணிவிட்டுக் கம்பெனியைப் பதியுங்கள்: சிங்கப்பூரில் உணவகம் திறக்க எந்தப் பதிவு, எந்த அனுமதி அட்டை?

சிங்கப்பூரில் தமிழ் உணவகம் திறக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் போகிறார்கள். முதலில் கடைக்கு இடம் பிடிக்கிறார்கள், அடுத்து தொழில்களைப் பதியும் அரசு அமைப்பான அக்ராவில் பெயரைப் பதிகிறார்கள், பிறகு உணவு உரிமம் எடுக்கிறார்கள். கடைசியில்தான் ஊரிலிருந்து மாஸ்டரை, அதாவது தலைமைச் சமையல்காரரை, வரவழைக்க மனிதவள அமைச்சின் வாசலுக்கு வருகிறார்கள். அங்கே "கோட்டா இல்லை", அதாவது வெளிநாட்டு ஊழியர் எடுக்க இடம் இல்லை, என்ற ஒரு வரியில் எல்லாம் நின்றுவிடுகிறது. வாடகை ஓடிக்கொண்டிருக்கும், அடுப்பு மட்டும் பற்றாது.

இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். எந்த நாட்டு மாஸ்டர், எந்த அனுமதி அட்டை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அந்த அட்டைக்கு எத்தனை உள்ளூர் ஊழியர்கள் வேண்டும் என்று கணக்குப் பாருங்கள். எந்த வகைப் பதிவு சரி என்பதை அந்த எண்ணிக்கையே சொல்லிவிடும். இங்கே வரும் எண்கள் 2025 செப்டம்பர் 1 முதல் நடப்புக்கு வந்த விதிகளின்படி எழுதப்பட்டவை. வெள்ளி என்றால் சிங்கப்பூர் வெள்ளி.

கோட்டா எப்படிக் கணக்கிடப்படுகிறது?

உணவகம் சேவைத் துறையில் வருகிறது. அந்தத் துறையில் வேலை அனுமதி அட்டைக்காரர்களும், நடுத்தரத் திறனாளருக்கான எஸ் பாஸ் வைத்திருப்பவர்களும் சேர்ந்து மொத்த ஊழியர்களில் 35 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அதற்குள் எஸ் பாஸுக்கு 10 விழுக்காடு உச்சவரம்பு. இந்தியா, இலங்கை முதலிய நாடுகளிலிருந்து வரும் சமையல்காரர்களுக்கான தனிப் பட்டியலுக்கு 8 விழுக்காடு. பின்னம் வந்தால் கீழே இறக்கிவிட வேண்டும். 1.9 வந்தாலும் 1 என்றுதான் அர்த்தம். நிர்வாகிகளுக்கும் நிபுணர்களுக்குமான இ.பி. (எம்ப்ளாய்மென்ட் பாஸ்) வைத்திருப்பவர் இந்தக் கணக்கில் எந்தப் பக்கமும் சேர மாட்டார்.

உள்ளூர் ஊழியர் என்றால் குடிமகன் அல்லது நிரந்தரவாசி. ஆனால் ஆள் இருந்தால் மட்டும் போதாது, அவருக்கு மத்திய சேமநிதி கட்டியிருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் மாதம் 1,600 வெள்ளியோ அதற்கு மேலோ வாங்குபவர் ஒரு முழு ஆள். 800 முதல் 1,600-க்குள் வாங்குபவர் அரை ஆள். 800-க்குக் கீழே வாங்குபவர் கணக்கிலேயே இல்லை. வெளிநாட்டவர் ஒருவரையாவது வைத்திருக்கும் கடை, முழுநேர உள்ளூர் ஊழியர் எவருக்கும் 1,600-க்குக் குறைவாகக் கொடுக்கக் கூடாது. பகுதிநேர ஊழியருக்கு மணிக்கு 10.50 வெள்ளிக்குக் குறையக் கூடாது. கல்லாவில் உட்காரும் அக்காவுக்கு முழுநேர வேலைக்கு 1,300 கொடுத்து வந்தால், கோட்டா இருந்தும் புது அட்டை கிடைக்காது.

இந்த விதிகளை எண்ணிக்கையாக மாற்றிப் பாருங்கள். உள்ளூர் ஆள் ஒருவர் மட்டும் இருந்தால் வெளிநாட்டு ஊழியருக்கு இடமே இல்லை. இருவர் இருந்தால் ஓரிடம். மூவரானாலும் அதே ஓரிடம்தான். நால்வர் இருந்தால் இரண்டு, அறுவர் இருந்தால் மூன்று, எட்டுப் பேர் இருந்தால் நான்கு.

எஸ் பாஸ் ஒன்று வேண்டுமென்றால் அந்த எஸ் பாஸ்காரரையும் சேர்த்து மொத்தம் 10 பேர் வேண்டும். குறைந்தது 7 உள்ளூரார், 2 வேலை அனுமதி அட்டைக்காரர், 1 எஸ் பாஸ். 6 உள்ளூராரை வைத்து இதைக் கட்டவே முடியாது, 35 விழுக்காடு 9 பேரோடு நின்றுவிடும். இந்தியச் சமையல்காரர் ஒருவரைத் தனிப் பட்டியலில் எடுக்க மொத்தம் 13 பேர் வேண்டும், ஏனென்றால் 12 பேரில் 8 விழுக்காடு 0.96-தான். அந்த 13 பேரில் குறைந்தது 9 பேர் உள்ளூராராக இருக்க வேண்டும். இரண்டாவது இந்தியச் சமையல்காரருக்கு 25 பேர்.

எட்டு மேசை போட்டு, ஐந்தாறு பேரோடு கடை நடத்த நினைப்பவருக்கு இதன் பொருள் வெட்டவெளிச்சம். ஊரிலிருந்து மாஸ்டர் வர வழி இல்லை. வெளிநாட்டவர் வேண்டுமென்றால் மலேசியர்தான். இதை ஒப்பந்தம் போட்ட பிறகு தெரிந்துகொள்வதைவிட, போடுவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

தனியுரிமைக் கடையா, பிரைவேட் லிமிடெட்டா?

கட்டணத்தைப் பார்த்தால் தனியுரிமை, அதாவது ஒருவரே முதலாளியாகப் பதியும் கடை, மலிவு. பெயருக்கு 15 வெள்ளி, ஓராண்டுப் பதிவுக்கு 100 வெள்ளி, மூன்றாண்டுக்கு 160. பிரைவேட் லிமிடெட்டுக்குப் பெயருக்கு 15, பதிவுக்கு 300. அதோடு ஆறு மாதத்துக்குள் கம்பெனிச் செயலாளரை நியமிக்க வேண்டும். ஆண்டறிக்கைக்கு 60 வெள்ளி கட்ட வேண்டும், நிதியாண்டு முடிந்த ஏழு மாதத்துக்குள் அதைத் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் முதல் மூன்று மாதத்துக்கு 300 வெள்ளி தண்டம், அதையும் தாண்டினால் 600. வருமானவரித் தாக்கலும் தனி. பேப்பர் வேலை பிடிக்காதவர் தனியுரிமைப் பக்கம் சாய்வது இயல்புதான்.

ஆனால் ஊழியர் கணக்கைப் போட்டால் நிலைமை மாறுகிறது. தனியுரிமைக் கடையின் முதலாளி அந்தக் கடையின் ஊழியர் ஆக மாட்டார். தனக்குத் தானே சம்பளம் போட்டு, முதலாளி பங்கு என்று சேமநிதி கட்ட முடியாது. அதனால் அவர் காலை ஐந்து மணி முதல் இரவு பதினொன்று வரை தோசைக் கல்லருகே நின்றாலும் கோட்டாவில் அவர் பூஜ்யம்தான். பங்குதாரர் நிறுவனமும் எல்எல்பியும் (வரையறுத்த பொறுப்புள்ள பங்காளி நிறுவனம்) இதே கதை. எல்எல்பியில் பொறுப்பு வரையறை கிடைக்கும், ஆனால் பங்காளிகள் ஊழியர் எண்ணிக்கையில் சேர மாட்டார்கள். பிரைவேட் லிமிடெட்டில் வேலை ஒப்பந்தத்தின் கீழ் சம்பளம் வாங்கும் இயக்குநர் எண்ணிக்கையில் வருவார்.

கணவன், மனைவி இருவரும் குடிமக்கள், இருவரும் கடையில் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தனியுரிமையாகப் பதிந்து மனைவியை ஊழியராக வைத்தால் உள்ளூர் எண்ணிக்கை 1, வெளிநாட்டு ஊழியர் 0. அதே இருவரும் பிரைவேட் லிமிடெட்டில் தலைக்கு 1,600 வெள்ளி சம்பளம் வாங்கும் இயக்குநர்களாக இருந்தால் உள்ளூர் எண்ணிக்கை 2, ஒரு மலேசியச் சமையல்காரருக்கு இடம் திறக்கும். இதற்கு ஆகும் கூடுதல் செலவு, 55 வயதுக்கு உட்பட்டவருக்கு முதலாளி பங்கான 17 விழுக்காடு. தலைக்கு 272 வெள்ளி, இருவருக்கும் 544. ஊழியர் பங்கு 20 விழுக்காடு சம்பளத்திலிருந்து போகும். இரண்டு பங்கும் அவர்களுடைய சேமநிதிக் கணக்கிலேயே விழுவதால் பணம் வீட்டை விட்டு வெளியே போவதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே, வெளிநாட்டு ஊழியர் தேவைப்படும் குடும்பக் கடைக்கு பிரைவேட் லிமிடெட்தான் எங்கள் பரிந்துரை.

"முதலில் தனியுரிமையில் தொடங்கிப் பார்ப்போம், ஓடினால் கம்பெனியாக மாற்றிக்கொள்வோம்" என்பார்கள். வெளிநாட்டவரே வேண்டாத கடைக்கு அது பாதகமில்லை. மற்றவர்களுக்கு அது இரட்டைச் செலவு. புதுக் கம்பெனிக்குப் புது பதிவெண், அதாவது புது யூஇஎன். அத்தோடு சேமநிதிக் கணக்கும் புதிது, உணவு உரிமமும் புதிது. பழைய கடையின் ஊழியர் வரலாறு புதுக் கம்பெனிக்கு வராது. வேலை அனுமதி அட்டைகளையும் புது முதலாளியின் பெயரில் மறுபடி விண்ணப்பித்து வாங்க வேண்டும். நடுவில் ஒரு நாள்கூட பழைய அட்டையோடு புதுக் கம்பெனியில் வேலை வாங்கக் கூடாது. சமையலறை அதேதான், அடுப்பும் அதேதான், ஆனால் சட்டத்தின் கண்ணில் வேறு முதலாளி.

கடன் விஷயமும் உண்டு. வாடகை பாக்கி, வெளிநாட்டு ஊழியருக்காக மாதாமாதம் அரசுக்குக் கட்டும் தீர்வையின் பாக்கி, சரக்குக் கடன் எல்லாம் தனியுரிமையில் முதலாளியின் சொந்தத் தலையில் விழும். உணவுத் தொழிலில் கடை மூடுவது அரிதில்லை என்பதால் இதையும் எடை போட வேண்டும். வங்கியும் வீட்டுக்காரரும் இயக்குநரிடம் தனிப்பட்ட உத்தரவாதம் கேட்டால் கம்பெனியின் பாதுகாப்பு அந்த அளவுக்குக் குறையும். கையெழுத்துப் போடும் முன் அந்தப் பத்தியைப் படியுங்கள்.

உணவங்காடி நிலையக் கடை என்றால் இந்த விவாதத்துக்கே வேலையில்லை. அங்கே குடிமக்களும் நிரந்தரவாசிகளும்தான் கடையில் நிற்கலாம். 2025 ஜனவரி 1 முதல் நீண்டகால வருகை அட்டை வைத்திருப்பவர்கள் உதவியாளராகச் சேரலாம் என்று தளர்த்தியிருக்கிறார்கள். ஊரிலிருந்து மாஸ்டரைக் கொண்டுவந்து அங்கே நிறுத்த முடியாது. அதற்குத் தனியுரிமையே போதும்.

முதலாளி சிங்கப்பூர்வாசி இல்லையென்றால்?

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இருந்துகொண்டு இங்கே கடை போட நினைப்பவருக்குச் சிங்பாஸ் என்ற அரசு மின்னடையாளக் கணக்கு இருக்காது. அவர் நேரடியாக அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் பதிய முடியாது. அக்ராவில் பதிவுபெற்ற நிறுவனச் சேவையாளர் வழியாகத்தான் போக வேண்டும். அதோடு கம்பெனிக்கு உள்ளூரில் வசிக்கும் இயக்குநர் ஒருவராவது இருந்தே தீர வேண்டும். "தெரிந்தவர் பெயரைப் போட்டுக்கொள்ளலாம்" என்ற பழைய பழக்கம் 2025-இல்தான் சிக்கலுக்குள் போயிருக்கிறது.

2025 ஜூன் 9 முதல் நிறுவனச் சேவையாளர் சட்டம் நடப்பில் இருக்கிறது. கூலிக்கு இயக்குநராகப் பெயர் கொடுப்பதைத் தொழிலாகச் செய்பவரைப் பதிவுபெற்ற சேவையாளர் ஏற்பாடு செய்திருக்க வேண்டும், அவர் தகுதியானவர்தானா என்று அந்தச் சேவையாளர் சோதித்திருக்கவும் வேண்டும். ஜூன் 16 முதல், யார் யாருக்காகப் பெயரளவு இயக்குநராகவும் பங்குதாரராகவும் இருக்கிறார்கள் என்ற விவரத்தை அக்ராவுக்கே கொடுக்க வேண்டும். அவர் பெயரளவு இயக்குநர் என்பது பொதுமக்கள் பார்க்கும் பதிவிலேயே தெரியும். கம்பெனியை உண்மையில் கட்டுப்படுத்துபவர்களின் பதிவேட்டைப் புதுக் கம்பெனி முதல் நாளிலிருந்தே வைத்திருக்க வேண்டும். முன்பு இருந்த 30 நாள் அவகாசம் போய்விட்டது. தவறுக்கான உச்ச அபராதமும் 5,000-லிருந்து 25,000 வெள்ளிக்கு ஏறிவிட்டது.

ஆக, இரண்டு வழி. உண்மையாகவே பங்கு வைத்து, கடையில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் உள்ளூர்க் கூட்டாளியை இயக்குநராக்குவது ஒன்று. கூலிப் பெயரளவு இயக்குநர் மற்றொன்று. முதல் வழியில் லாபத்தில் பங்கு போகும். ஆனால் அவர் சம்பளம் வாங்கும் இயக்குநராக இருந்தால் கோட்டாவில் ஓர் ஆள் கிடைக்கும், சேமநிதி, தீர்வை, ஆண்டறிக்கை எதுவும் தேதி தவறாது. கூலி இயக்குநர் காகிதத்தில் மட்டும் இருப்பார், ஊழியர் கணக்குக்கு உதவ மாட்டார். உணவகத்துக்கு முதல் வழியே மேல். நட்புக்காகப் பெயர் கொடுக்க முன்வருபவருக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: சேமநிதி கட்டாமல் போனாலும் ஆண்டறிக்கை தவறினாலும் அதிகாரிகள் முதலில் தேடி வருவது உள்ளூர் இயக்குநரைத்தான்.

முதலாளியே இங்கே வந்து நடத்த இ.பி. கேட்கலாம். 23 வயதில் குறைந்தபட்சச் சம்பளம் 5,600 வெள்ளி, நாற்பதுகளின் நடுவில் 10,700. அதைத் தாண்டினாலும் காம்பஸ் புள்ளி முறையில் 40 எடுக்க வேண்டும். நிர்வாக, நிபுணர் நிலையில் 25 பேருக்குக் குறைவாக இருக்கும் சிறு கம்பெனிக்கு இரண்டு பிரிவுகளில் தலா 10 புள்ளி தானாகக் கிடைக்கும். மீதி 20-ஐச் சம்பளத்திலும் படிப்பிலும் தேட வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட பட்டம் இருந்தால் படிப்புக்கு 10 வரும். சம்பளத்துக்கு 10 வர, அதே துறையில் உள்ளூர் நிபுணர்கள் வாங்குவதோடு ஒப்பிட்டு மேலே நிற்க வேண்டும். பட்டம் இல்லாதவர் 20-ஐயும் சம்பளத்திலேயே எடுக்க வேண்டும், அது புதுக் கடைக்குக் கட்டுப்படியாகாது. தொழில்முனைவோருக்கான ஆந்த்ரபாஸ் அட்டையின் பக்கம் போக வேண்டாம், அது முதலீட்டாளர் ஆதரவோ புத்தாக்கத் தொழில்நுட்பமோ உள்ள தொழில்களுக்கானது.

கணவருக்கு இ.பி. இருந்து, சார்ந்திருப்போர் அட்டையில் வந்த மனைவி கடை தொடங்க நினைத்தால் அவருக்கு வேறொரு கதவு உண்டு. தனியுரிமையாளராகவோ பங்காளியாகவோ, குறைந்தது 30 விழுக்காடு பங்கு வைத்திருக்கும் இயக்குநராகவோ இருந்து, இங்கே தொழில் நடத்துவதற்கான இசைவுக் கடிதம் கேட்கலாம். 1,600 வெள்ளிக்குக் குறையாத சம்பளத்தில் உள்ளூர் ஊழியர் ஒருவரை வைத்து, குறைந்தது மூன்று மாதம் சேமநிதி கட்டிக் காட்ட வேண்டும். முதல் மாதத்திலிருந்தே அந்த ஒருவரை நிறுத்திக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் ஆள் தேடுபவர்கள்தான் புதுப்பிக்கும்போது மாட்டிக்கொள்கிறார்கள்.

நான்கு மாஸ்டர்கள், நான்கு கணக்கு

உள்ளூர்ச் சமையல்காரர் கிடைத்தால் அவர்தான் முதல் தேர்வு. தீர்வை இல்லை, பிணை இல்லை, கோட்டாவிலும் ஏற்றம். 2,800 வெள்ளிக்குப் பேசினால் சேமநிதியோடு 3,276 ஆகும். உணவுத் துறையில் 2023 மார்ச் 1 முதல் படிப்படியாக உயரும் சம்பள முறை இருக்கிறது. வெளிநாட்டவரை வைத்திருக்கும் கடை, உள்ளூர் ஊழியருக்கு அந்த அட்டவணைச் சம்பளத்தைக் கொடுத்தாக வேண்டும். கஷ்டம் ஆள் கிடைப்பதில்தான். பரோட்டா வீசத் தெரிந்த உள்ளூர்க்காரர் அகப்படுவது குதிரைக் கொம்பு.

மலேசியரை வேலை அனுமதி அட்டையில் எடுப்பது சிறு கடைக்கு நேர் வழி. 5,000 வெள்ளிப் பிணை இல்லை, 8 விழுக்காட்டு வரம்பும் இல்லை, 2,000 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளமும் இல்லை. ஜொகூரிலிருந்து தினமும் வந்து போகிறவராக இருந்தால் தங்குமிடப் பிரச்சினையும் பாதி குறையும். ஆனால் பாலத்தில் நெரிசல் என்றால் காலை இட்லிக்கு ஆள் இருக்க மாட்டார். அதனால் மாலைக் கடைக்கு இவர் மிகப் பொருத்தம்.

தனிப் பட்டியல் வழியை உணவகத்தார் என்டிஎஸ் என்கிறார்கள். 2023 செப்டம்பர் 1-இல் இந்திய உணவகச் சமையல்காரர்களுக்கு இது திறந்தது. இந்தியா, இலங்கை, பங்களாதேஷ், மியன்மார், பிலிப்பீன்ஸ், தாய்லாந்து நாட்டவர்கள் அதில் வரலாம். 2025 ஜூன் 1-இல் பூட்டான், கம்போடியா, லாவோஸ் சேர்ந்தன. நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 2,000 வெள்ளி. மிகைநேர ஊதியத்தைச் சேர்த்து 2,000 காட்ட முடியாது. 2025 ஜூலை 1 முதல் இத்தனை ஆண்டுதான் வேலை செய்யலாம் என்ற உச்சவரம்பு நீங்கிவிட்டது, 63 வயது வரை வேலை செய்யலாம். பழகிய மாஸ்டர் விதியின் காரணமாக ஊர் திரும்ப வேண்டியதில்லை என்பது உண்மையான நிம்மதி.

எஸ் பாஸ் நான்காவது வழி. 23 வயதில் 3,300 வெள்ளி, 45 வயதில் 4,800, இடையில் வயதோடு ஏறும். தீர்வை எல்லாருக்கும் 650. 10 ஊழியர்களும் அதற்கு மேலும் உள்ள கம்பெனி, விண்ணப்பத்துக்கு முன் 14 நாள் மைகேரியர்ஸ்ஃபியூச்சர் என்ற அரசு வேலைவாய்ப்புத் தளத்தில் விளம்பரம் செய்திருக்க வேண்டும். அந்த 14 நாளைத் திட்டத்தில் சேர்க்காதவர்கள் திறப்பு நாளைத் தள்ளிப்போடுகிறார்கள்.

இப்போது பெரும்பாலான நடுத்தரக் கடைகளின் உண்மையான கேள்விக்கு வருவோம்: எஸ் பாஸா, என்டிஎஸ்ஸா? 8 உள்ளூரார், 3 மலேசியர், மொத்தம் 11 பேர் இருக்கும் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து 45 வயது மாஸ்டர் வர வேண்டும். எஸ் பாஸ் என்றால் அவர் 12-ஆவது ஆள், கோட்டாவில் இடம் இருக்கிறது. மாதம் 4,800 சம்பளம், 650 தீர்வை, மொத்தம் 5,450.

என்டிஎஸ் என்றால் 13 தலை வேண்டும், உள்ளூரில் இன்னொருவரைச் சேர்க்க வேண்டும். வேலை அனுமதி அட்டைக்கான தீர்வை படிப்படியானது. அடிப்படைத் திறனாளருக்கு முதல் 10 விழுக்காட்டுக்குள் 450, 25 வரை 600, 35 வரை 800. உயர்திறனாளருக்கு 300, 400, 600. கடையின் நான்காவது வெளிநாட்டவருக்கு மேல் படியான 800 விழும். மாஸ்டருக்கு 2,000, தீர்வை 800, புதிதாகச் சேர்த்த உள்ளூர் ஊழியருக்கு 2,300 சம்பளம் என்றால் சேமநிதியோடு 2,691. கூட்டினால் 5,491. இரண்டு வழியும் ஏறக்குறைய ஒரே தொகை, ஆனால் என்டிஎஸ் வழியில் கடைக்குக் கூடுதலாக ஒரு ஜோடிக் கை கிடைக்கிறது. மாஸ்டருக்கு 2,500 கொடுத்தாலும் 500 வெள்ளிக்கு ஒரு முழுநேர ஆள் கிடைத்த கணக்கு.

அதே இடத்துக்கு 25 வயது இளைஞர் வருவதாக இருந்தால் முடிவு மாறும். எஸ் பாஸ் சம்பளம் 3,300-ஐ ஒட்டியே இருக்கும், தீர்வையோடு 4,000 சொச்சம். அப்போது எஸ் பாஸ் தெளிவாக மலிவு. ஆக இந்தத் தேர்வில் மாஸ்டரின் வயதுதான் திருப்புமுனை. கடையில் ஏற்கெனவே 9 உள்ளூரார் இருந்தால் வேறு ஆளே சேர்க்க வேண்டாம், என்டிஎஸ் எந்த வயதுக்கும் மலிவாகிவிடும்.

விண்ணப்பம் முதல் அட்டை வரை

வேலை அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்க 35 வெள்ளி, அட்டைக்கு 35. எஸ் பாஸுக்கு 105, 100. ஒப்புதலானதும் ஐபிஏ, அதாவது கொள்கையளவிலான ஒப்புதல், கடிதம் வரும். அதன் ஒரு படியை ஊழியரின் தாய்மொழியில் அவருக்கு அனுப்ப வேண்டியது முதலாளியின் கடமை. தமிழில் இருக்கும் அந்தத் தாளில் அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் எல்லாம் எண்ணாக எழுதியிருக்கும். மாஸ்டர் விமானம் ஏறும் முன் அதைக் கையில் வைத்துப் படித்திருக்க வேண்டும். பின்னால் வரும் சண்டைகளில் பெரும்பகுதி, "முகவர் வேறு சம்பளம் சொன்னார்" என்பதில் தொடங்குகிறது. சிங்கப்பூர் முகவர் ஊழியரிடம் வாங்கும் கட்டணம், ஒப்பந்தத்தின் ஓர் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம், எப்படியும் இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. ஊரில் நிலத்தை அடமானம் வைத்து வருபவருக்கு இந்த எல்லையைச் சொல்லிவிடுங்கள்.

மலேசியரல்லாத ஒவ்வொருவருக்கும் 5,000 வெள்ளிப் பிணையைக் காப்பீட்டு நிறுவனத்திடமோ வங்கியிடமோ எடுத்து, அவர் வரும் முன்பே போட்டிருக்க வேண்டும். மருத்துவக் காப்பீடு ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு இருக்க வேண்டும். முதல் 15,000-ஐக் காப்பீடு முழுதாகக் கொடுக்கும், அதற்கு மேல் 25 விழுக்காடு முதலாளி தலையில். மாஸ்டர் நோய்வாய்ப்பட்டு மருத்துவமனைக் கட்டணம் 35,000 வந்தால், 20,000-இல் கால்பங்கான 5,000 வெள்ளியை நீங்கள் கட்ட வேண்டும். அந்தப் பணத்தைச் சம்பளத்தில் பிடிக்க முடியாது. வேலைக் காயக் காப்பீடு இதிலிருந்து வேறு, அதையும் எடுத்திருக்க வேண்டும்.

வந்த இரண்டு வாரத்துக்குள் மருத்துவச் சோதனை, ஐந்து நாளுக்குள் முகவரிப் பதிவு. தீர்வை ஒவ்வொரு மாதமும் 17-ஆம் தேதி ஜைரோ மூலம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும், அன்று அதில் பணம் இருக்கட்டும். மாஸ்டர் ஊருக்கு விடுப்பில் போனால், தொடர்ந்து 7 நாளும் அதற்கு மேலும் வெளிநாட்டில் இருந்திருந்தால், ஆண்டுக்கு 60 நாள் வரை தீர்வைத் தள்ளுபடி கேட்கலாம். தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும்.

கடை ஓடத் தொடங்கியபின் வரும் ஆபத்துகள்

உள்ளூர் எண்ணிக்கை மூன்று மாதச் சேமநிதியின் சராசரியாக எடுக்கப்படுவதால் தவறு உடனே தெரியாது. கல்லா ஊழியர் ஒருவர் மார்ச்சில் விலகினால் கோட்டா மெல்லக் கரைந்து, மாஸ்டரின் அட்டையைப் புதுப்பிக்கப் போகும்போதுதான் இடம் போயிருப்பது தெரியும். 9 உள்ளூரார் தேவையென்றால் 10 பேரை வைத்திருங்கள். அந்தப் பத்தாவது ஆள் இரண்டு பகுதிநேரத்தவராக இருக்கலாம், ஆளுக்கு 800 வெள்ளிக்குக் குறையாமல்.

அந்த ஓட்டையை அடைக்க வேலைக்கு வராத சித்தப்பாவுக்கும் மச்சானுக்கும் சேமநிதி கட்டி எண்ணிக்கை காட்டுபவர்கள் உண்டு. அது பொய்த் தகவல் கொடுத்த குற்றம். 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை, பிறகு ஆள் எடுக்கவே தடை. அதிகாரிகள் அந்த மச்சானையே கூப்பிட்டு எந்த நேரம் வேலை, என்ன வேலை என்று கேட்பார்கள்.

அண்ணன் கடையில் ஆள் இல்லை என்று மாஸ்டரை இரண்டு நாள் அனுப்பிவைப்பதும் அதே ரகம். யூஇஎன் வேறென்றால் அது சட்டவிரோத வேலை. ஆள் அனுப்பியவரும் மாட்டுவார், வேலை வாங்கியவரும் மாட்டுவார். மாஸ்டரின் அட்டையும் போகும். சமையல்காரர் என்று எடுத்தவரைப் பரிமாற நிறுத்துவதும் அட்டை நிபந்தனையை மீறுவதுதான், கூட்டம் அதிகமான ஞாயிற்றுக்கிழமையானாலும் சரி.

வங்கி வழியாக 2,000 போட்டுவிட்டு, 500-ஐக் கையில் திருப்பி வாங்குவது எல்லாவற்றிலும் மோசமானது. வேலை கொடுப்பதற்கோ அட்டையைப் புதுப்பிப்பதற்கோ ஊழியரிடம் பணம் வாங்கினால் 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை. கணக்குப் போடும்போதே 2,000-ஐ முழுதாகக் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் என்டிஎஸ் உங்கள் கடைக்கு வேண்டாம். மலேசியர் ஒருவரோடும் சின்ன மெனுவோடும் திறந்து, 13 பேரைத் தாங்கும் வியாபாரம் வந்தபின் ஊருக்கு ஆள் சொல்லி அனுப்புங்கள்.